கீமோவுக்குப் பின் முடி: கொட்டும் நாளிலிருந்து மறுபடி பின்னல் போடும் நாள் வரை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 58. பயாப்சி, ஸ்கேன், அறுவை சிகிச்சை, செலவு என்று எல்லாம் பேசி முடித்து, கீமோவுக்குத் தேதியும் குறித்தாயிற்று. எழுந்து கதவு வரை போன அம்மா திரும்பி நின்று, "முடி எல்லாம் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டார். "போகும்மா. திரும்ப வளந்துடும்" என்றார் டாக்டர்.

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் 'போகும்' என்பதற்கும் 'வளந்துடும்' என்பதற்கும் நடுவே எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எந்த வாரம் கொட்டும், எதை வைத்து மழிப்பது, திரும்பி வரும்போது ஏன் வேறு மாதிரி வருகிறது, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையெல்லாம் நர்ஸ்களிடமும், டே கேரில் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தவர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். புதிதாக இந்த வழியில் வருகிறவர்களுக்காக அதே வரிசையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

கீமோ என்றாலே மொட்டை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மருந்துக்கு மருந்து மாறும். அட்ரியாமைசின் என்கிற டாக்சோரூபிசின் (டே கேரில் இதை 'சிவப்பு மருந்து' என்பார்கள், நிறம் அப்படி), சைக்ளோபாஸ்பமைடு, பேக்ளிடாக்செல், டோசிடாக்செல், எட்டோபோசைடு ஆகியவற்றில் பெரும்பாலும் முழுதாகவே கொட்டிவிடும். கார்போபிளாட்டின், 5-எஃப்யூ, ஜெம்சிடபின், கேபெசிடபின் மாத்திரை போன்றவற்றைத் தனியாகக் கொடுக்கும்போது பலருக்கு முடி மெலிவதோடு நின்றுவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்து வந்தால் கொட்டுவதும் கூடும்.

ஆகவே முதல் வேலை, "எனக்கு என்னென்ன மருந்து, எத்தனை சைக்கிள் (மருந்துச் சுற்று), இதில் முடி முழுதாகப் போகுமா, மெலியுமா?" என்று கேட்பது. பதிலை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பல மாதம் கழித்து முடி சரியாக வரவில்லை என்று தோல் மருத்துவரிடம் போனால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

காரணம் எளிமையானது. வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்துகள் தாக்குகின்றன. நம் உடம்பில் மிக வேகமாகப் பெருகுபவற்றில் மயிர்க்கால் செல்களும் உண்டு. தலையில் இருக்கும் முடியில் பத்தில் ஒன்பது பங்கு எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அடியும் பலமாக விழுகிறது. பெரும்பாலும் மயிர்க்கால் சாவதில்லை, வேலையை நிறுத்துகிறது. மருந்து நின்றால் மறுபடி தொடங்குகிறது.

இன்னும் இரண்டு விஷயம். முடி கொட்டவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இதை நினைத்தே இரண்டு வாரம் தூங்காமல் இருந்தார். அடுத்தது ரேடியேஷன். அது எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்து முடி மட்டும்தான் கொட்டும். மார்புக்குக் கொடுக்கும் ரேடியேஷனால் தலைமுடி போகாது. தலைக்குக் கொடுத்தால் போகும். அளவு கூடினால் அந்த இடத்தில் திரும்ப வராமலும் போகலாம்.

2. குளிர்த் தொப்பி வேண்டுமா என்று முதல் கீமோவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

மருந்து ஏறும்போது தலையைக் குளிர வைத்தால் தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறையும். இதற்கென்று இயந்திரத்தோடு இணைந்த தொப்பி இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு முதல் அனுமதி 2015இல் கிடைத்தது. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், தொப்பி அணிந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குப் பாதி முடிக்கு மேல் தங்கியது. தொப்பி இல்லாதவர்களில் ஒருவருக்கும் தங்கவில்லை.

பாதிப் பேருக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். சிவப்பு மருந்து சேர்ந்தால் பலன் இன்னும் குறைவு. மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, முடிந்தபின்னும் ஒன்றரை மணி நேரம் போல வைத்திருக்க வேண்டும். குளிரில் தலை வலிக்கும். ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம். நம் ஊரில் பெரிய நகரங்களின் சில மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) உள்ளவர்களுக்கு இதைப் போடமாட்டார்கள். இரண்டாவது சைக்கிளில் ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப் போட்டால் அதற்குள் முடி போயிருக்கும். நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மா சொன்ன காரணம், "ஊசியே போதும்டா, குளிர் வேற எதுக்கு?"

3. முதல் இரண்டு வாரத்தில் செய்து முடிக்க வேண்டியவை

முதல் ஊசிக்கும் முதல் கொத்து முடி கையோடு வருவதற்கும் இடையில் வழக்கமாக இரண்டிலிருந்து மூன்று வாரம் கிடைக்கும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

நீளமான முடி என்றால் தோள் வரையாவது வெட்டிவிடுங்கள். நீள முடி கொட்டும்போது சிக்கும், முடிச்சாகும், இழுக்கும். பார்க்கவும் தாங்காது. வெட்டுவதற்கு முன் பின்னலைப் போட்டு, மேலும் கீழும் இறுக்கமாக ரப்பர் பேண்ட் போட்டு, மேல் ரப்பருக்கும் மேலே வெட்டச் சொல்லுங்கள். அப்படி வெட்டினால் முடி கலையாமல் பின்னலாகவே கைக்கு வரும். அதை அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஒருவருடைய முடியை மட்டும் வைத்து முழு விக் செய்வது பெரும்பாலும் முடியாது. ஆனால் சவுரி செய்யலாம். அம்மாவின் பின்னலை நான் பீரோவில் வைத்தேன். அது பிறகு உதவியது.

விக் வாங்குவதாக இருந்தால் முடி இருக்கும்போதே கடைக்குப் போங்கள். நிறமும் வகிடும் நெற்றி ஓரமும் பொருந்துகிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும். ஆதார், பாஸ்போர்ட், ஓய்வூதிய உயிர்ச்சான்று என்று முகம் காட்ட வேண்டிய வேலை ஏதும் இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் முக்கியமாக. என் மகளிடம், "பாட்டிக்கு மருந்து போடுறாங்க, அதுல முடி கொட்டும், பாட்டிக்கு வலிக்காது" என்று முன்பே சொல்லியிருந்தோம். அவள் பயப்படவில்லை. தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

4. கொட்டத் தொடங்கினால்

சிலருக்குக் கொட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பே தலைத்தோல் நோகும். முடியை எதிர்ப் பக்கமாகச் சீவினால் வேர் வலிக்குமே, அந்த மாதிரி. அம்மாவுக்கு 15ஆம் நாள் அது வந்தது. 17ஆம் நாள் காலையில் தலையணை முழுக்க முடி. குளியலறையில் தண்ணீர் போகாமல் நின்றது. (வடிகால் வாயில் ஒரு சல்லடைத் தட்டு போட்டுவிடுங்கள்.) உதிர்ந்துகொண்டே இருப்பதை தினமும் பார்ப்பதைவிட, மழித்துவிட்டால் மனசு லேசாகும் என்று பலரும் சொன்னார்கள். அம்மாவும் அன்று மாலையே எடுத்துவிடலாம் என்றார்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் மொட்டை என்றால் சவரக்கத்தி. கோயிலில் பழகியது அதுதான். கீமோ நேரத்தில் கத்தியும் பிளேடும் வேண்டவே வேண்டாம். மருந்து போட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கியிருக்கும். 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்பது இதைத்தான். அப்போது சின்னக் கீறலும் சீழ் வைத்துக் காய்ச்சலில் கொண்டு விடலாம். பேக்ளிடாக்செல் போன்றவற்றை வாராவாரம் கொடுத்தால் இந்தக் கணக்கும் மாறும். சலூன்காரரை வீட்டுக்கு வரச் சொல்லி, முடிவெட்டும் மெஷினைச் சுத்தம் செய்து, தோலில் படாமல் கால் அங்குலம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் துளிகள் தானாக உதிர்ந்துவிடும். அவை தலையணையிலும் சட்டைக் காலரிலும் குத்தும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும். சாமிக்கு வேண்டுதல் இருந்தால் சிகிச்சை முடிந்து கவுண்ட் சரியானபின் போய்ச் செலுத்தலாம். சாமி காத்திருக்கும்.

தலையோடு நிற்காது என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அக்குள், கை கால், மறைவிட முடியெல்லாம் போகும். புருவமும் இமை முடியும் சற்றுத் தாமதமாக, பேக்ளிடாக்செல் ஓடும்போது போயின. அம்மாவுக்குத் தலைமுடி போனதைவிட இதுதான் அதிகம் வலித்தது. கண்ணாடியில் நோயாளி மாதிரி தெரிவது அப்போதுதான். இமை முடி இல்லாவிட்டால் கண்ணில் தூசு விழும், நீர் வடியும். வெளியே போகும்போது கண்ணாடி போடுங்கள். மூக்கு முடியும் போய்விடுவதால் சளி இல்லாமலே மூக்கு ஒழுகும். கையில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். புருவத்துக்குப் பென்சில் போதும். செயற்கை இமை ஒட்டும் பசையும், புருவத்தில் பச்சை குத்துவதும் இந்தச் சமயத்தில் ஆகாது.

5. தலையை மூடுவது

வீட்டுக்குள் எதுவும் வேண்டாம். காற்று படட்டும். வெளியே போனால் வெயில் நேராகத் தோலில் விழும். ஒருபோதும் வெயில் பார்க்காத தோல் அது, சீக்கிரம் பொசுங்கும். மெல்லிய பருத்தித் துணி நல்லது. பட்டு, சாட்டின் வழுக்கி வழுக்கி இறங்கும். பழைய வாயில் புடவையில் சதுரமாக வெட்டி ஓரம் தைத்து அம்மாவுக்கு ஏழு துணி செய்தேன், கிழமைக்கு ஒன்று. இரவில் தலை சில்லிடும். அதற்குத் தையல் உறுத்தாத ஒரு பனியன் துணித் தொப்பி.

விக் இரண்டு வகை. செயற்கை இழை சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும், அலசினாலும் வடிவம் மாறாது. ஆனால் சூடு தாங்காது. அடுப்புக்கு முன் குனிந்தாலும், குக்கர் ஆவி பட்டாலும், தோசைக்கல் அனல் அடித்தாலும் முன்பக்க இழை பொசுங்கிச் சுருண்டுவிடும், தீப்பிடிக்கவும் கூடும். சமையலறைக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மனித முடி விக் பத்தாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போகும், பார்க்க இயல்பாக இருக்கும், சொந்த முடியைப் போலப் பராமரிக்க வேண்டும். அதில் இருக்கும் முடியில் நிறைய நம் பக்கத்துக் கோயில்களில் வேண்டுதலுக்குக் காணிக்கையாக்கிய முடிதான். யாரோ ஒருவரின் பிரார்த்தனை அம்மா தலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

திருச்சி வெயிலில் விக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அம்மாவால் வைத்திருக்க முடியவில்லை. கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் என்று ஆயிற்று. மற்ற நேரம் துணிதான். தெருவில் ஒரு பெண், "என்னக்கா, சமயபுரமா?" என்று கேட்டபோது அம்மா "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். மொட்டையைப் பார்த்து யாரும் பதறாத ஊரில் இருக்கிறோம். அது ஒரு கொடுப்பினை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்க வேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை.

6. திரும்பி வரும்போது: மாதக் கணக்கு

கடைசி கீமோவிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். ஆளுக்கு ஆள் முன்பின் இருக்கும், ஆனாலும் ஒரு கணக்கு கையில் இருந்தால் தினமும் கண்ணாடி பார்த்து ஏங்க வேண்டியிருக்காது.

மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் பஞ்சு போல ஒன்று வரும். நிறமே தெரியாது, விளக்குக்கு எதிரே நின்றால்தான் தெரியும். வாராவாரம் பேக்ளிடாக்செல் போட்டுக்கொள்ளும் சிலருக்கு மருந்து முடியும் முன்பே இது தொடங்கிவிடும். இரண்டு, மூன்று மாதத்தில் உண்மையான முடி, விரல் நுனிக்குத் தட்டுப்படும் அளவு. அதன்பின் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். ஆறு மாதத்தில் தலை முழுக்க மூடிவிடும், பையன் கிராப் மாதிரி. ஒரு வருடத்தில் காதை மூடும். புருவமும் இமையும் இதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் ஒருமுறை வந்தபின் மறுபடி கொஞ்சம் உதிர்ந்து மீண்டும் வருவதும் உண்டு. எல்லா இமை முடியும் ஒரே நேரத்தில் முளைத்ததால் ஒரே நேரத்தில் உதிர்கின்றன. நோய் திரும்பியதாக நினைத்துப் பயப்படாதீர்கள்.

இனி, வந்த முடி எப்படி இருக்கும் என்பது. அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்து கோரை முடி. ஐந்தாம் மாதம் வந்தது சுருட்டை, பின்கழுத்தில் சுருள் சுருளாக. என் மகள் "பாட்டி நூடுல்ஸ்" என்று பெயர் வைத்தாள். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. முடியின் வடிவத்தைத் தீர்மானிப்பது மயிர்க்காலின் வடிவமும், முடி உருவாகும் விதமும். மருந்தில் அடிபட்டு எழுந்த மயிர்க்கால் பழைய மாதிரி வேலை செய்ய நாள் பிடிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் சுருட்டை தளர்ந்து பழைய குணம் திரும்புகிறது. வேரிலிருந்து வருவது நேராகவும் நுனி சுருளாகவும் கொஞ்ச காலம் இரண்டுங்கெட்டானாக இருக்கும். சிலருக்குச் சுருட்டையே நிலைத்துவிடுவதும் உண்டு.

நிறமும் மாறும். கருமை கொடுக்கும் செல்கள் மெதுவாகத்தான் திரும்புகின்றன. அதனால் முதலில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ வந்து பிறகு கறுக்கலாம். அம்மா போல வருடக்கணக்கில் டை அடித்தவர்களுக்கு இன்னொன்று: உண்மையில் எவ்வளவு நரைத்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும்.

பெண்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் பூனை முடி படரலாம். தலைக்கு முன் இங்கே வந்துவிட்டதே என்று அம்மா கண் கலங்கினார். சில மாதத்தில் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். வேக்ஸ் செய்யாதீர்கள், தோல் உரிந்துவிடும். தலைத்தோலில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால், முடி தோலைக் கிழித்துக்கொண்டு வரும் இடங்கள் அவை. கிள்ளாமல் விட்டால் அடங்கும். சீழ், வலி, காய்ச்சல் என்றால் மட்டும் உடனே காட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் சொந்தக்காரர்கள் வருவார்கள். "பூ முடிய மறுபடி ஒருவாட்டி வழிச்சு விட்ருங்க, அப்பதான் கெட்டியா வரும்." குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்று நாம் நம்புகிறோம் அல்லவா, அதே யோசனை. முடியின் தடிமனும் எண்ணிக்கையும் தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்காலில் முடிவாகின்றன. மேலே வெட்டுவது அதற்குத் தெரியவே தெரியாது. இயற்கையாக வளர்ந்த நுனி கூராக இருக்கும், மழித்த நுனி மொட்டையாக இருக்கும். அதனால் கைக்குக் கெட்டியாகத் தோன்றுகிறது. மூன்று மாதம் காத்திருந்து வந்ததை வழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க எந்தக் காரணமும் இல்லை. எங்கள் பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்றேன். அது வேலை செய்தது.

7. எண்ணெய், ஷாம்பு, டை

வாரத்துக்கு இரண்டு முறை, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு. அவ்வளவுதான். சீயக்காயும் அரப்பும் கெட்ட பொருட்களில்லை, ஆனால் அந்தத் தோலுக்கு அவற்றின் துகள் சுரண்டும். ஆறு மாதம் போகட்டும். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் வறட்சி குறையும், அரிப்பும் அடங்கும். அது முடியை முளைக்க வைப்பதில்லை. விளக்கெண்ணெயும் கரிசலாங்கண்ணித் தைலமும் அப்படியே: தடவுவதில் சுகம் உண்டு, சீக்கிரம் வளரும் என்பதற்குச் சான்று இல்லை. சின்ன வெங்காயச் சாறு வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் தேய்த்துத் தலை கொப்பளித்துப் போனது. உள்ளே சாப்பிடும் லேகியம், சூரணம், பொடி எதுவாக இருந்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். சில பொருட்கள் மருந்தின் அளவையே ரத்தத்தில் மாற்றிவிடும்.

'முடிக்கு நல்லது' என்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரையைக் கடையில் தாராளமாகக் கொடுக்கிறார்கள். பயோட்டின் குறைவு இருந்தாலொழிய அதனால் பெரிய பயன் இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, இதயம் தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. அடிக்கடி ரத்தம் கொடுக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், கீரை என்று தட்டில் புரதமும் இரும்பும் இருக்கட்டும். முடி புரதத்தால் ஆனது.

டை அடிக்க ஆறு மாதம் பொறுங்கள். புது முடி மெல்லியது, தோலும் இன்னும் பொறுக்காது. முன்பு வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட டை இப்போது ஒவ்வாமல் போகலாம். ஆகவே காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான். வீட்டில் அரைத்த மருதாணி பலருக்கு ஒத்துக்கொள்கிறது. 'கறுப்பு மருதாணி' என்று விற்பது வேறு. அதில் டையில் இருக்கும் அதே ரசாயனம் கலந்திருக்கும். சுருட்டையை நேராக்கும் கெராட்டின், ஸ்ட்ரெய்ட்டனிங் எல்லாம் ஒரு வருடத்துக்குப் பேச்சே வேண்டாம். சுருட்டை தானாகவே போகக்கூடியது.

இத்தனை 'வேண்டாம்' எதற்கு என்றால், நான் பார்த்தவரை இந்த முடியைக் கெடுத்தது பெரும்பாலும் அவசரம்தான். மருந்து செய்ததைவிடச் சிலருக்கு அதன்பின் தடவியது அதிகம் கெடுத்தது.

8. காத்திருப்பது போதும் என்று எப்போது முடிவு செய்வது

கடைசி கீமோ முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் உச்சியில் தோல் தெரிகிறது, பஞ்சு முடியாகவே நிற்கிறது என்றால் அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். 'உயிர் பிழைச்சதே பெருசு, முடியைப் போய்க் கேக்கறதா' என்று அம்மா கூச்சப்பட்டார். கேட்கலாம். கேட்க வேண்டும்.

முதலில் மற்ற காரணங்களைப் பார்ப்பார்கள்: தைராய்டு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, ரத்தச் சோகை. இவற்றில் குறை இருந்தால் சரி செய்ய வழி உண்டு.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. மார்பகப் புற்றுநோயில் பலர் கீமோவுக்குப் பின் 5 வருடம், சிலர் 10 வருடம் வரை டமோக்சிபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவற்றில் ஒன்றைச் சாப்பிடுகிறார்கள். இவை சிலருக்கு வகிட்டை அகலமாக்கும், முன்பக்கத்தை மெலியவைக்கும். கீமோவின் பாதிப்பு இன்னும் தீரவில்லையோ என்று குழம்ப வேண்டாம், காரணம் வேறு. ஆனால் முடிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பாமல் காப்பது அதுதான். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றவோ, முடிக்குத் தனியாக மருந்து கொடுக்கவோ யோசிப்பார்.

சிறு பகுதியினருக்கு முடி முழுதாகத் திரும்பாமலே போவதும் உண்டு. டோசிடாக்செலுக்குப் பின்னும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் புசல்பான் போன்ற மருந்துகளுக்குப் பின்னும் இது அதிகம் பேசப்படுகிறது. தலையில் தடவும் மினாக்சிடில் என்கிற மருந்து இங்கே உதவலாம். 1996இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், கீமோ காலத்திலேயே அதைத் தடவிய பெண்களுக்குக் கொட்டுவது நிற்கவில்லை, ஆனால் மொட்டையாக இருந்த காலம் சராசரியாக 50 நாள் குறைந்தது. கடையில் தானாக வாங்கித் தடவ வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் எழுதுவார். தொடங்கிய முதல் வாரங்களில் இருக்கும் முடியும் கொஞ்சம் உதிரும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

போகும்போது போட்டோ கொண்டு போங்கள். மாதம் ஒன்று, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், உச்சியும் நெற்றியும் தெரிய. மெலிந்திருக்கிறதா, மெதுவாக வருகிறதா என்பது வாயால் சொல்வதைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

9. முதல் வெட்டு, முதல் பூ

நான்கைந்து மாதத்தில் பின்கழுத்து முடி நீண்டும் உச்சி குட்டையாகவும் தெரியும். அப்போது ஒருமுறை பின்பக்கத்தை மட்டும் ஒழுங்கு செய்துகொள்ளலாம். வேகமாக வளர்வதற்காக இல்லை, பார்க்க அழகாக இருப்பதற்காக. அகலப் பல் சீப்பு வாங்குங்கள். ஈரத்தோடு சீவாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.

அம்மாவுக்கு பிப்ரவரிக் கடைசியில் கீமோ முடிந்தது. அந்தத் தீபாவளிக்கு முடி மூன்று அங்குலம். இரண்டு கொண்டை ஊசி குத்தி, அரை முழம் முல்லைச் சரம் நின்றது. சரம் கனமாக இருந்தால் புது முடி வேரோடு இழுபடும். மல்லிகையைவிட முல்லையோ நித்தியமல்லியோ லேசு.

அடுத்த தீபாவளிக்கு முடி தோளைத் தொட்டது, கோரையாகவே. பீரோவிலிருந்த பின்னலை எடுத்துப் போய்ச் சவுரியாகக் கட்டச் சொன்னேன். முழுவதும் வேண்டாம், பாதி போதும் என்று பிரித்துக் கொடுத்தேன், பாரம் தாங்க வேண்டுமே. மேலே பாதி நரையோடு புது முடி, கீழே டை அடித்த பழைய முடி. நிறம் பொருந்தவில்லை. அம்மா இரண்டையும் சேர்த்துப் பின்னி, முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் சவுரியைக் கழற்றி, அலசி, அதே பருத்தித் துணியில் சுற்றி வைத்தார்.